ஓங்கரிக்காத பிள்ளைகள்

குமரவேல் கை வைத்தால் ஒரு பிள்ளைகூட ஓங்கரிக்காது. அந்தத் தெருவில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. தொண்டைக்குள் குச்சியை விட்டால் வளர்ந்த ஆம்பளையே குமட்டிக்கொண்டு எழுந்து ஓடுவான். இவனோ நாலு வயசுப் பிள்ளையைக்கூட மடியில் உட்கார வைத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு எடுத்துவிடுவான். பிள்ளை அழாது, உதைக்காது, முடிந்ததும் எழுந்து விளையாடப் போய்விடும். "டாக்டருக்கே இந்தக் கை வராதுப்பா" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் மனுஷனைப் பிடிக்க முடியவில்லை.

அந்தக் கைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. சுரங்கத்தில் மண்ணையும் கரியையும் சுமந்து ஓடுகிற கன்வேயர் பெல்ட் கிழிந்தால் ஒட்டுகிற கேங்கில் அவன் இருந்தான். ஆள் அகலத்துக்கும் மேலே அகலமான ரப்பர் பெல்ட்டை அடுக்கடுக்காகச் சீவி, பசை தடவி, சூடு வைத்து ஒட்டினால் ஒட்டின இடம் தெரியக் கூடாது. குமரவேல் ஒட்டினால் தெரியாது. பன்னிரண்டு வருஷம் கான்ட்ராக்ட்டில் ஒட்டினான். போன தை மாதம்தான் பெர்மனென்ட் ஆனான். காடாம்புலியூரில் இருந்து தினமும் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்த குடும்பம், டவுன்ஷிப்பில் மா மரமும் பின்கட்டும் உள்ள குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்தது. வாசலில் பெயர்ப்பலகை எழுதி மாட்டிய அன்று தெருவில் இறங்கி நின்று அதை அவன் மூன்று தடவை பார்த்தான்.

தொண்டையைச் சோதித்துப் பார்க்கிற அந்தப் பெட்டி வந்தது புரட்டாசி கடைசியில். சிங்கப்பூரில் மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கும் தம்பி சசிகுமார் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே இருபத்தைந்து உறை. ஒவ்வொரு உறையிலும் ஒரு பஞ்சுக்குச்சி, ஒரு சின்னக் குப்பி, சொட்டு மருந்து இரண்டு, நீளவாட்டில் ஒரு அட்டை.

"பசங்களுக்குத் தொண்ட நோவு வருது பாரு, அதுல ஸ்ட்ரெப்புன்னு ஒரு கிருமி இருக்குது. அதுதான் பொல்லாதது. மத்ததெல்லாம் தானா போயிடும். அது இருக்குதா இல்லையான்னு இத்த வச்சிப் பாத்துக்கலாம். ரெண்டு கோடு வந்தா இருக்குது. ஒரு கோடு வந்தா இல்ல" என்றான் சசிகுமார். கொரோனா காலத்தில் கோடு பார்த்துப் பழகாதவர் யார்? குமரவேலுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ். யாரும் அதைப் பிரிக்கவில்லை. சசிகுமார் மறுநாள் கிளம்ப வேண்டும், பெட்டி கட்டுகிற அவசரத்தில் குச்சியைத் தன் வாயில் ஒரு தடவை காட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்று மாற்றி ஒன்று இருமிக்கொண்டும் தொண்டையைப் பிடித்துக்கொண்டும் வந்தன. குமரவேல் ஷிஃப்ட் முடிந்து குளித்து, வெளுத்த கைலியும் பனியனுமாக வராந்தாவில் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். காசு கிடையாது. கேட்டால் கோபம் வரும். குச்சியை விட்டு எடுப்பான், குப்பியில் கலக்குவான், அட்டையை அதில் நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். ஐந்து நிமிஷம். ஒரு கோடு.

"ஒண்ணுமில்லீங்க, சளிதான். வெந்நி குடுங்க, ரெண்டு நாள்ல பூடும்."

பதினோரு பிள்ளைகளுக்குப் பார்த்தான். பதினொன்றுக்கும் ஒரு கோடு. தெருவில் அவனுக்குத் தொண்டை டாக்டர் என்று பெயர் விழுந்தது. பன்னிரண்டு வருஷம் "ஏ கான்ட்ராக்ட்டு" என்று கூப்பிடப்பட்டவனுக்கு அது எப்படி இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அவன் பெண்டாட்டி மணிமொழி இதிலெல்லாம் தலையிடவில்லை. அவளுக்கு அவள் வேலையே தலைக்கு மேல் இருந்தது. அவள் இன்னும் கான்ட்ராக்ட்தான். சாம்பிள் எடுக்கிற வேலை. பெல்ட்டில் போகும் கரியில் இருந்து மணிக்கு ஒரு தடவை அள்ளி, டப்பாவில் போட்டு, ஈரம் பறக்காமல் மூடி, லேப்பில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நெய்வேலிக் கரி பாதிக்குப் பாதி தண்ணீர். அந்த ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று லேப்பில் பார்த்துச் சொல்வதை வைத்துத்தான் அனல்மின் நிலையத்து பாய்லரில் நெருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு இது கரி அள்ளுகிற வேலை. குமரவேலே தமாஷுக்கு, "எங்க வூட்டம்மா கரி பொறுக்கிக்கினு வந்துட்டா" என்பான். அவள் சிரித்துக்கொள்வாள். ஆனால் அந்த வேலையில் ஒன்பது வருஷத்தில் அவள் டப்பாவை லேப்பில் ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பியதில்லை. சூப்பர்வைசர் தனகோட்டி புதிதாக வருகிற பெண்களை அவள் பக்கத்தில்தான் நிறுத்துவார்.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள், திங்கட்கிழமை, அவர்கள் மகள் நந்தினிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, எட்டு வயது. வாய் ஓயாமல் பேசுகிறவள், அன்று பேசவில்லை. காலையில் இட்லியை ஒரு விள்ளல் வாயில் வைத்துவிட்டு அப்படியே எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"யம்மா, முழுங்க முடியல. உள்ள கீறுது."

குமரவேல் உடனே உறையைப் பிரித்தான். மகளை மடியில் உட்கார வைத்துப் பார்த்தான். ஒரு கோடு.

"சளிதான் மணி. கஷாயம் வையி."

மணிமொழி நொய்க்கஞ்சி காய்ச்சி, உப்புப் போட்டு, ஆற்றி ஊட்டினாள். இரண்டு மடக்கு இறங்கியது. சாயந்திரம் உடம்பு கொதித்தது. கழுத்தில் தாடைக்குக் கீழே தொட்டால் பிள்ளை கையைத் தட்டிவிட்டாள். மணிமொழி ஒன்றைக் கவனித்தாள். சளி சளி என்கிறானே, பிள்ளைக்கு மூக்கும் ஒழுகவில்லை, இருமலும் இல்லை.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் அக்கா பொற்கொடிக்கு நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒரு தழும்பு. முந்திரிக்கொல்லையில் கொட்டை பொறுக்கிய வயதில் அக்காவுக்கும் இப்படித்தான் தொண்டை நொந்தது. மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார்கள், போய்விட்டது. மூன்று வாரம் கழித்து முட்டி வீங்கியது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்தார்கள், அதுவும் போய்விட்டது. கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மூச்சு வாங்கியது. அப்போதுதான் டாக்டர் கேட்டார், சின்ன வயசில் தொண்டை வலி வந்ததா என்று. இருதய வால்வு கெட்டுப்போயிருந்தது. அந்தப் பிள்ளையும் தங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மணிமொழி சொன்னாள்: "ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிட்டு வந்துடலாங்க."

குமரவேல் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். "எதுக்கு? ரிசல்ட்டுதான் கையில இருக்குதே. ஒரு கோடுன்னா ஒரு கோடுதான். தெருவுல பதினோரு புள்ளைக்குப் பாத்தேன், எது கெட்டுப்போச்சி?"

"முழுங்க முடியலன்னு அழுவுதுங்க."

"சரி, இன்னொரு தடவ பாக்கறேன். அப்பறமாவது நம்புவியா?"

இந்தத் தடவை மணிமொழி அடுப்படிக்குப் போகவில்லை. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். குமரவேல் மகளின் தாடையைப் பிடித்தான். "தங்கம்ல, ஆ சொல்லு. அப்பா கதை சொல்றேன்" என்றான். குச்சி உள்ளே போனது. நாக்கின் மேலே ஒரு இழுப்பு, கன்னத்தின் உள்பக்கம் இரண்டு உருட்டு, வெளியே வந்துவிட்டது. நந்தினி முகம்கூடச் சுளிக்கவில்லை.

"பாத்தியா? என் கையில என்னைக்காவது ஒரு புள்ள ஓங்கரிச்சிருக்குதா?"

மணிமொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள், இது ஏன் உறைக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அதாங்க தப்பு" என்றாள்.

"எது?"

"ஓங்கரிக்காததுதாங்க தப்பு. நோவு எங்க இருக்குது? உள்ள, தொண்டையோட அடியில. நீங்க நாக்கையும் கன்னத்தையும் தொட்டு எடுத்துகினு வர்றீங்க. அங்க தொட்டா எந்தப் புள்ள ஓங்கரிக்கும்?"

"உள்ள விட்டா அது துடிக்குமில்ல? வேணும்னுதான் பதமா எடுக்கறேன்."

"பெல்ட்டு ஓடிகினு இருக்கச்சே ஓரத்துல நின்னுகினு கைக்கு எட்டனத அள்ளிக்கினு போனா தனகோட்டிண்ணா டப்பாவ மூஞ்சியில அடிப்பாருங்க. ஓரத்துல கட்டிதான் உருண்டு வந்து நிக்கும். ஈரத்தூளு நடுவுல அடியில கெடக்கும். இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் அடியோட வழிச்சி எடுக்கணும். கை எட்டலன்னா பெல்ட்ட நிறுத்தச் சொல்லணும். லேப்புல மெஷினு நல்லாதான் இருக்கும். நாம குடுக்கறதத்தான் அது சொல்லும்."

"கரியும் புள்ள தொண்டயும் ஒண்ணா?"

"எடுக்கறது ஒண்ணுதாங்க."

குமரவேலின் முகம் கறுத்தது. கை என்று சொன்னால் அவனுக்கு உயிர். "பெல்ட்டு ஒட்டறவனுக்குக் கரி அள்ளறவ வேலை சொல்லித் தர்றியா? போலாம் வா. டாக்டருகிட்டயே இந்த அட்டையக் காட்டறேன். அங்க வந்து உன் புத்திய சொல்லு" என்று எழுந்தான். கோபத்திலாவது கிளம்பினானே, அதுவே போதும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். தனகோட்டிக்கு போன் போட்டு, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, ஷிஃப்ட்டுக்கு வர முடியாது என்றாள். "புள்ளயப் பாரும்மா மொதல்ல" என்றார் அவர்.

வெளியே தூறல். பைக்கில் நடுவில் பிள்ளை, பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு மணிமொழி. குமரவேலின் சட்டைப் பையில் இரண்டு நாளின் அட்டைகளும் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக இருந்தன. கூடவே பிரிக்காத உறை ஒன்று. டாக்டருக்குப் புதுப் பொருளைக் காட்ட வேண்டுமே!

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர் விஜயலட்சுமி. நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, அதிகம் சிரிக்காத பெண். நந்தினியின் கழுத்தைத் தடவினார், டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். இருமல் உண்டா என்றார், இல்லை என்றாள் மணிமொழி. அதற்குள் குமரவேல் கவரை மேஜை மேல் வைத்துவிட்டான்.

"வூட்லயே பாத்துட்டோங்க மேடம். ரெண்டு தடவ. நெகட்டிவ்."

டாக்டர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கேலி செய்வார் என்று மணிமொழி நினைத்தாள். செய்யவில்லை. "நல்ல கிட்டுதான். எங்க தொட்டு எடுத்தீங்க?" என்று கேட்டார்.

குமரவேல் வாயைத் திறந்து, சுண்டுவிரலால் கன்னத்தின் உள்பக்கத்தைக் காட்டினான்.

"பாப்பா வாந்தி வர்ற மாதிரி பண்ணாளா?"

"இல்லீங்க மேடம். எடமே தப்புன்னு வூட்லயே ஒரு பேச்சு வந்துது" என்றான். இந்தத் தடவை பெருமை இல்லை. குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"இன்னொரு கிட்டு இருக்கா?"

பையில் இருந்த உறையை எடுத்துக் கொடுத்தான். டாக்டர் காலாவதித் தேதியைப் பார்த்தார், பிரித்தார். நர்ஸ் நந்தினியின் தலையைப் பிடித்துக்கொண்டாள். நாக்கை ஒரு பட்டைக்குச்சியால் அழுத்திவிட்டு, பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு, இந்தப் பக்கத்துச் சதை, அந்தப் பக்கத்துச் சதை, நடுவில் பின்சுவர் என்று மூன்று இடத்திலும் தேய்த்து எடுத்தார். நந்தினி ஓங்கரித்தாள், உதைத்தாள், காலையில் குடித்த கஞ்சியை அப்பன் சட்டையிலேயே வாந்தி எடுத்தாள். குமரவேல் அதைத் துடைக்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாவது கோடு மெல்ல எழும்பி, முதல் கோட்டுக்குச் சமமாகச் சிவந்து நின்றது.

"அட்டை மேல குத்தமில்ல. ஆனா ஒண்ணு. சரியா எடுத்தாலும் சில சமயம் இது விட்டுடும். பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி காய்ச்சல், கழுத்துல கட்டி இருந்து, இருமல் இல்லன்னா, ஒரு கோடு வந்தாலும் நான் லேப்புக்கு அனுப்பி கிருமியை வளர்த்துப் பாப்பேன். ரெண்டு கோடு வந்தாலும் மருந்து நாங்கதானே எழுதணும்? அதனால வீட்ல பாருங்க, வேணாம்னு சொல்லல, பாத்துட்டு இங்க வாங்க" என்றார் டாக்டர். பத்து நாள் மருந்து எழுதினார். "மூணாம் நாளே எழுந்து ஆடுவா. அதுக்காக நிறுத்திடக் கூடாது. பத்து நாளும் குடுக்கணும். எடுத்த எடம் சரியில்லன்னு யாரு கண்டுபிடிச்சது?"

குமரவேல் பெண்டாட்டி பக்கம் கையைக் காட்டினான்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"சாம்பிள் எடுக்கறேங்க மேடம். மைன்ஸ்ல" என்றாள் மணிமொழி. ஒன்பது வருஷத்தில் அதை அவள் இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து மருந்து கொடுத்துப் பிள்ளையைத் தூங்க வைத்தார்கள். குமரவேல் வாந்தி பட்ட சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தான். மணிமொழி முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பதினொண்ணு?" என்றாள்.

"அதெல்லாம் பழைய கதை. இன்னேரம் சரியாயிருக்கும்."

"எங்க அக்காவுக்குந்தான் சரியாச்சி."

அவன் மழையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு ஷிஃப்ட்டுக்குப் போறச்சே ஜாடையா சொல்லிடறேன். அட்டை பழசாயிடுச்சி, டாக்டருகிட்ட ஒரு தடவ காட்டிக்குங்கன்னு" என்றான்.

"அட்டை பழசா?"

"பின்ன என்னா சொல்லச் சொல்ற? குடிவந்து பத்து மாசம் ஆவுல. இப்பதான் மனுசனா மதிக்கறானுங்க. எல்லாம் தப்புன்னு போயி நிக்கறதா? சிரிப்பானுங்கடி!"

"சிரிக்கட்டும்" என்றாள் மணிமொழி. "எங்க லேப்புல டப்பா மாறிப்போச்சின்னா, எடுத்தவளேதான் பாய்லர்காரங்க கிட்ட போயி சொல்லணும். வேற ஆள அனுப்பக் கூடாது, நாளைக்குன்னு சொல்லக் கூடாது. அந்த ரிசல்ட்ட நம்பி அங்க நெருப்பு எரிஞ்சிகினு இருக்குது. சரி, உங்களுக்கு வெக்கமா இருந்தா நான் போறேன்." கீரையை முறத்தோடு நகர்த்திவிட்டுக் குடையை எடுத்தாள்.

அவள் செருப்பை மாட்டும்போது குமரவேல் எழுந்தான். "நில்லு. நீ எதுக்குப் போற? எடுத்தது நீயா?" உள்ளே போனான். வந்தபோது ஷிஃப்ட்டுக்குப் போடுகிற நீலச் சட்டையைப் போட்டு, பொத்தானை எல்லாம் மாட்டியிருந்தான்.

தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு அம்சவல்லியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். முதலில் அம்சவல்லியிடமே சொன்னான், அவள் பிள்ளைக்கும் பார்த்திருந்தான். "நான் எடுத்த டெஸ்ட்டு செல்லாதுக்கா. எடம் மாத்தி எடுத்துட்டேன். புள்ளயக் கூட்டிகினு போயி டாக்டருகிட்ட காட்டிடுங்க." அவள் திருதிருவென்று விழித்து, "அதுக்கென்னப்பா, காட்டிடலாம்" என்றாள். அடுத்த வீட்டில் சிரித்தார்கள். அதற்கடுத்த வீட்டுக்காரன், "அப்பறம் எதுக்குய்யா தெரியாத வேலையில கைய வச்ச?" என்று வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பிடிபிடியென்று பிடித்தான். குமரவேல் தலையைக் குனியவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. "ஆமாங்க, தப்புதாங்க. காட்டிடுங்க" என்றான். ஒரு வீட்டிலாவது அட்டை மேல் பழி போடுவான், தம்பி சரியாகச் சொல்லித் தரவில்லை என்பான் என்று மணிமொழி காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். எங்கேயும் சொல்லவில்லை.

கடைசி வீடு துரைராஜுடையது. பூர்வீக நெல்லிக்குப்பத்துக்காரர், சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் பெர்மனென்ட், வாய் கொஞ்சம் நீளம். குமரவேல் குடிவந்த புதிதில், "நம்ம பிளாக்குல கான்ட்ராக்ட்டுக்காரனெல்லாம் வந்துட்டான்" என்று காதில் விழும்படி சொன்னவர். அவர் மகள் இலக்கியாவுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் பார்த்தான்.

துரைராஜின் மனைவி புஷ்பவல்லி கூடத்தில் உட்கார்ந்து மகளின் காலில் தைலம் போட்டு வழித்துக்கொண்டிருந்தாள். குமரவேல் சொல்ல வந்ததைச் சொன்னான்.

"அது தொண்ட அப்பவே சரியாப்போச்சே. இப்ப கால்லதான் சுளுக்கு. பள்ளிக்கூடத்துல ஓடிச்சாம். முந்தா நாளு வலது முட்டி நோவுதுன்னா. அது வுட்டுப்போச்சி, இன்னைக்கு இடது கணுக்கால்ல வந்து நிக்குது. ஆட்டம் ஆடறா" என்றாள் புஷ்பவல்லி.

மணிமொழி சட்டென்று குனிந்தாள். "அக்கா, வழிக்காதீங்க" என்று அவள் கையைப் பிடித்தாள். "இது சுளுக்கில்ல. சுளுக்கு எடம் மாறுமா? எங்க அக்காவுக்கு இப்பிடித்தான் வந்துது. ஒடனே கெளம்புங்க."

"இன்னாம்மா பயமுறுத்தற?" என்று துரைராஜ் உள்ளிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது. "உன்ன நம்பித்தான ஒண்ணுமில்லன்னு வுட்டோம்! இன்னைக்கு வந்து செல்லாதுங்கற? என் புள்ளைக்கு ஏதாவது ஆச்சின்னா..." கையை ஓங்கிவிட்டார்.

"அப்பறம் அடிங்கண்ணா. வாங்கிக்கறேன்" என்றான் குமரவேல். குனிந்து இலக்கியாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினான். துரைராஜ் ஒரு நொடி திகைத்து நின்று, பிறகு பைக் சாவியைத் தேடி ஓடினார். பெண்கள் இருவரும் ஆட்டோவில் பின்னாலேயே போனார்கள்.

டாக்டர் விஜயலட்சுமி பிள்ளையின் நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். இரத்தம் எடுக்கச் சொன்னார், இருதயத்தை ஸ்கேன் பார்க்கச் சொன்னார். நாலு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மணிமொழியின் மனசு ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அக்கா மாதிரி ஆகக் கூடாது, அக்கா மாதிரி ஆகக் கூடாது.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். "வாதக் காய்ச்சல். தொண்டையில வந்த கிருமியால வர்றது. வால்வுல லேசான கசிவு ஆரம்பிச்சிருக்கு. இந்த நிலையில வந்தா கட்டுப்படுத்த முடியும், பல பிள்ளைங்களுக்கு நல்லாவே சரியாகும். ஆனா இருவத்தோரு நாளைக்கு ஒரு ஊசி, பல வருஷத்துக்குப் போடணும். ஒண்ணைக்கூட விடக் கூடாது. ரெண்டு மாசம் சுளுக்குன்னு வழிச்சுட்டு உட்கார்ந்திருந்தா நான் இப்படிப் பேசிட்டு இருக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

புஷ்பவல்லி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் கேஸ் ஷீட்டை இழுத்து, "தொண்டை வலிச்சப்ப எங்கேயாவது காட்டினீங்களா?" என்று கேட்டார்.

துரைராஜ் குமரவேலைத் திரும்பிப் பார்த்தார். நனைந்த நீலச் சட்டையோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தான். அவருக்கு என்ன தோன்றியதோ, இவ்வளவு நேரம் இருந்த கோபம் எங்கே போனதோ! தொண்டையைச் செருமிக்கொண்டு, "வூட்ல ஒரு அட்டையில பாத்தோங்க மேடம். அந்த அட்ட தப்பா காட்டிடுச்சி" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு குற்றமும் இல்லாமல் வெளியே வந்திருக்கலாம். பார்த்தது யார் என்று டாக்டர் கேட்கவுமில்லை.

"இல்லீங்க மேடம்" என்றான் குமரவேல். இரண்டடி முன்னால் வந்தான். "அட்ட தப்பா காட்டல. நாந்தான் தப்பா எடுத்தேன். எங்க தெருவுல இன்னும் பத்துப் புள்ளைக்கு எடுத்திருக்கேன். எல்லார்கிட்டயும் போயி சொல்லிட்டு வந்துட்டேன். நாளைக்குக் காலையில வருவாங்க. வராதவங்கள நானே கூட்டிகினு வரேன். கொஞ்சம் பாத்துடுங்க மேடம்."

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில், பெர்மனென்ட் ஆர்டர் வந்த அன்றுகூட, மணிமொழிக்கு இப்படிப் பெருமையாக இருந்ததில்லை. எல்லார் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பக்கத்தில் ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்த வேறொரு நர்ஸ் அவளிடம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்: "அவரு யாருங்க?"

"எங்க வூட்டுக்காரரு" என்றாள் மணிமொழி, வெளி வராந்தா வரைக்கும் கேட்கும்படி.